இருபத்தொரு கிலோவுக்கு ஒரு ஆள்

14 ஜூன், செவ்வாய்

ஜமாபந்தி. கணக்குத் தணிக்கை என்ற பேரில் வருஷத்துக்கு ஒரு தரம் வி.ஏ.ஓ.க்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டுவதற்கென்றே நடத்துகிற திருவிழா. காலை எட்டு மணிக்கே தாலுகா ஆபீஸில் ஆஜர். கிராமக் கணக்குகளைத் துணியில் கட்டித் தலையாரி வெயில்முத்து தலையில் சுமந்து வந்தார். அதிகாரி பத்தரைக்கு வந்தார். எங்கள் முறை முடியும்போது மூன்றரை. அதுவரை உட்கார நாற்காலி கிடையாது. அடங்கல் பதிவேட்டில் ஒரு பக்கம் மை சிந்தியிருந்ததாம். மனு கொடுக்க வந்த ஊர்ச்சனம் அத்தனை பேர் முன்னாலும், "படிச்சவதானே நீ?" என்று கேட்டார். நாற்பத்தாறு வயதாகிற என்னை ஒருத்தன் நீ என்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிரஷர் மாத்திரை கொடுக்கிற டாக்டர், கோபத்தை அடக்காமல் எழுதிப் பாருங்கள் என்றார். கூட்டுறவு வங்கி கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. இனி அதற்குத் தீனிக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்கு வர ஆறு மணி. தம்பி காசிராஜன் மீன் லோடு என்று காலையில் வேனை எடுத்துக்கொண்டு போனவன், இன்னும் வரவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் தில்லைநாயகம் கூப்பிட்டார். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தேன். எழுத ஒன்றுமில்லை.

15 ஜூன், புதன்

காலையில் காசியை ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். பாலத்தடியில் வண்டி பிரேக்டவுன், போலீஸ்காரர்கள்தான் உதவினார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்தேன். மத்தியானம் வேனும் வந்தது. பினாயில் ஊற்றி மூன்று தடவை கழுவினான். மீன் நாற்றமாம். மீன் வண்டியில் மீன் நாறாமல் மல்லிகையா மணக்கும்?

சோறு போட்டேன், தலை நிமிராமல் தின்றான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது.

16 ஜூன், வியாழன்

சாயங்காலம் வெயில்முத்துவும் நானும் ஸ்டேஷனில் ஒரு பறிமுதல் மகசரில் கையெழுத்துப் போட்டோம். எங்கள் ஊரில் எவனும் போலீஸ் கேஸுக்குச் சாட்சியாக வரமாட்டான். ஆகவே சாராயம் பிடித்தாலும் சரி, மணல் லாரி பிடித்தாலும் சரி, வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான் சாட்சிகள். சட்டப்படி நாங்கள் பிடித்த இடத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நடைமுறைப்படி, ரைட்டர் மேஜையில் டீயைக் குடித்துவிட்டு அவர் விரல் வைக்கிற இடத்தில் போடுவோம். இன்றும் அப்படியே. படிக்கவில்லை. என்றைக்குப் படித்திருக்கிறேன்?

இந்தத் தடவை கஞ்சா. இருபத்தொரு கிலோ முந்நூறு கிராம், இரண்டு மூட்டை. குற்றவாளி சந்தியாகு. பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடை வைத்திருக்கிறானே, அவன். இருபது கிலோவைத் தாண்டினால் குறைந்தது பத்து வருஷம், ஜாமீனும் லேசில் கிடையாது.

சுவர் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். உதடு வீங்கியிருந்தது. நான் பேனாவை மூடும்போது சொன்னான்:

"எம்மா, எங்கிட்ட இருந்தது கைக்கு அடக்கமா ஆறு பொட்டலம். அந்த மூட்டைய நான் இங்க வந்துதாம்மா பாக்குறேன்."

ரைட்டர் அவனை அதட்டினார். இன்ஸ்பெக்டர் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். ரொம்ப மரியாதையான மனிதர், ஒருநாளும் குரல் உயர்த்திப் பார்த்ததில்லை.

17 ஜூன்

காலையிலிருந்து சந்தியாகு மேல்தான் எரிச்சல். ஆறு பொட்டலமாம். ஆறு பொட்டலம் விற்கிறவன் என்ன சாமியாரா? போன வருஷம் கொத்தனார் மகன் இவன் கடைப் பொட்டலத்தை இழுத்துவிட்டுப் பெற்ற தாயின் கையை ஒடித்தான். அந்தப் பொம்பளை என் ஆபீஸில் வந்து அழுதாள். அன்றைக்கே இவனைப் பிடித்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். கிடக்கட்டும் பத்து வருஷம். நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

பால்காரனோடு சண்டை. தண்ணீரை விற்கிறான்.

27 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடத்தில் போதை ஒழிப்பு விழா. நேற்று நடத்த வேண்டியது, ஞாயிறு என்பதால் இன்று. வெயிலில் அறுநூறு பிள்ளைகளை நிற்கவைத்து உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். "போதைப் பழக்கத்துக்கு ஆளாகமாட்டேன்" என்று நானும் கையை நீட்டிச் சொன்னேன்.

இருபத்தொரு கிலோ பிடித்ததற்காக இன்ஸ்பெக்டருக்கு மேடையில் கைதட்டல். அவர் சும்மா இருக்காமல், "எங்களுக்குத் துணிச்சலா சாட்சி நிக்கிற வி.ஏ.ஓ. வேலுத்தாய் மேடம்" என்று என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார். எனக்குப் பொன்னாடை போட்டவர் ஐஸ் கம்பெனி முதலாளி. பிளெக்ஸ், பிள்ளைகளின் பனியன், மோர் எல்லாம் அவர் உபயம். காசியின் வேன் அவர் கம்பெனிக்குத்தான் ஓடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைப் பீரோவுக்குப் பின்னால் வீசினேன்.

4 செப்டம்பர்

காசி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பெண் பூங்கொடி, வாயில்லாப் பூச்சி. இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு வந்து முதல் பந்தியில் சாப்பிட்டார்.

9 நவம்பர்

சந்தியாகு பெண்டாட்டி மிக்கேலம்மாள் ஆபீஸுக்கு வந்தாள். இலவச சட்ட உதவிக்கு வருமானச் சான்று வேண்டுமாம். நான் தலையைத் தூக்காமல், ரேஷன் கார்டு நகல் எங்கே, ஆதார் எங்கே என்று விரட்டினேன். எல்லாம் கொண்டுவந்திருந்தாள். போட்டோ இல்லை என்று திருப்பியனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேறு நொட்டை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் அதட்டி அனுப்பியிருப்பேன்.

"அவரு யோக்கியம்னு சொல்ல நான் வரலம்மா," என்றாள். "வித்தாரு. நானே வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன். அதுக்கு எத்தன மாசம் போட்டாலும் போடட்டும். ஆனா மூட்டையோட புடிச்சதா சொல்ற அன்னிக்கி அவரு கடைய விட்டு எங்கயும் நகரல. மறுநாளுதான் வந்து புடிச்சாங்க. நீங்க சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கீங்களாம். நீங்க பாத்தீங்களாம்மா?"

கேள்வி அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. கோர்ட் விஷயத்தை ஆபீஸில் பேசக்கூடாது, போ என்றேன். சான்றை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில்முத்து குறுக்கே ஏதோ சொல்ல வந்தார். அவரிடமும் கத்தினேன். பாவம், வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

20 ஜனவரி

வருஷம் முடிந்தும் டைரியில் முக்கால்வாசி காலி. தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

கோர்ட் சம்மன் வந்துவிட்டது. கோர்ட் வேலை பார்க்கிற போலீஸ்காரர் என் வாக்குமூல நகலைக் கொடுத்து, "நல்லா மனப்பாடம் பண்ணிக்கோங்க மேடம்" என்றார். முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். 14 ஜூன், காலை பதினொன்றே கால், உப்பாற்றுப் பாலம். ஆய்வாளர் அழைத்ததன் பேரில் நானும் என் உதவியாளரும் சம்பவ இடத்தில் இருந்தோமாம். சந்தியாகு இரண்டு மூட்டைகளுடன் நின்றானாம். எங்கள் கண்முன்னே எடை போட்டார்களாம்.

பதினாலாம் தேதி பதினொன்றே காலுக்கு நான் ஜமாபந்தியில் நின்றுகொண்டிருந்தேன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது, பேப்பரில் போட்டோகூட வந்தது.

வெயில்முத்துவிடம் காட்டினேன். "அன்னிக்கி நான் கணக்குக் கட்ட சொமந்துகிட்டில்லம்மா நின்னேன்" என்றார். பிறகு அவரே, "இதுவரைக்கும் எத்தன மகசர்ல போட்டிருக்கோம், எதுல நாம நெசமா நின்னோம்?" என்றார்.

இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். அவருக்கு ஒரு பதற்றமும் இல்லை. மூட்டை பிடித்ததும் மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டது, அதனால் தேதியை மாற்ற முடியாது, ஜமாபந்தி அவருக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான் என்றார். இடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்லிவிட்டால் போதுமாம். நாற்பது கிலோமீட்டர் போய்வர ஒரு மணி நேரம். நான் என்ன ஹெலிகாப்டரில் போனேனா?

"சந்தியாகு ஆறு பொட்டலம்தானே வச்சிருந்தான்?" என்று கேட்டேன். அவர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு பொட்டலத்தோட அனுப்புனா மூணாம் மாசம் வந்து திரும்ப கடைய தொறப்பான் மேடம். பத்து வருஷம் அவன் இல்லேன்னா அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க பொழைக்கும். இருபத்தோரு கிலோவுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். உங்களுக்கு உங்க தம்பி வேணும். இதுல நஷ்டப்பட்டது யாரு, சொல்லுங்க."

வேன் நம்பர் இன்னும் அவர் நோட்டில் இருக்கிறதாம். அதையும் அதே மரியாதையோடுதான் சொன்னார்.

சரி, எழுதிவிடுகிறேன். ஏழு மாதமாக என் டைரிக்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள். அந்த மூட்டைகள் காசியின் வேனில் இருந்தவை. பதினாலாம் தேதி சாயங்காலம் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதே அதற்குத்தான். அவன் வெறும் ஜட்டியோடு லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். மீன் பெட்டிக்கு அடியில் யாரோ வைத்துவிட்டார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது அக்கா என்று செத்துப்போன அம்மா மேல் சத்தியம் செய்தான். நம்பினேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று நானாகவேதான் கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுகிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். அந்த இரண்டு நாளில்தான் சந்தியாகுவைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

2 பிப்ரவரி

கோர்ட்.

கூண்டில் ஏறும்வரை மனப்பாடம் செய்ததைத்தான் சொல்வதாக இருந்தேன். சந்தியாகு பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது. எவன் மேல் என்று தெரியாத கோபம்.

அன்று நான் பாலத்துக்குப் போகவே இல்லை, ஜமாபந்தியில் இருந்தேன், கையெழுத்து பதினாறாம் தேதி ஸ்டேஷனில் போட்டது என்று சொன்னேன். அரசு வக்கீல் முகம் சுண்டிவிட்டது. உடனே என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லிக் குறுக்கு விசாரணை செய்தார். கையெழுத்து உங்களுடையதா என்றார். ஆமாம் என்றேன். படிக்காமலா போட்டீர்கள் என்றார். இருபது வருஷமாகப் படிக்காமல்தான் போடுகிறேன் என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள். கஞ்சா கும்பல் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். அவரை அறைய வேண்டும் போல் இருந்தது.

கடைசியில் நீதிபதி என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்:

"அப்படின்னா அந்த மூட்டைங்க யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க ஐயா."

இறங்கி வந்துவிட்டேன். எனக்குப் பிறகு வெயில்முத்து ஏறி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன் என்று அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். அவருக்கு இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

6 பிப்ரவரி

சஸ்பெண்ட் உத்தரவு வந்துவிட்டது. கடமை தவறி, குற்றவாளிக்குச் சாதகமாக நடந்துகொண்டேனாம். பொய்ச் சாட்சி சொன்ன இருபது வருஷமும் கடமை. ஒருநாள் உண்மை சொன்னது தவறு. நன்றாக இருக்கிறது நியாயம். ஊரில் நான் கஞ்சா காசு வாங்கிவிட்டேன் என்று பேச்சு. அந்தக் கொத்தனார் பெண்டாட்டி தெருவில் என்னைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்காலம் சந்தியாகுவின் வக்கீல் ஷாஜிதா போன் செய்தாள். சட்ட உதவியில் வந்த சின்னப் பெண். நன்றி சொன்னாள். இனி அவன் தப்பித்துவிடுவான்தானே என்று கேட்டேன். இல்லையாம். தலையாரி மகசரை உறுதிப்படுத்திவிட்டார், மூன்று போலீஸ்காரர்களின் சாட்சியும் ஒத்துப்போகிறது, நான் விலைபோனவள் என்று ஒதுக்கிவிட்டுத் தண்டித்துவிடலாம் என்றாள். மூட்டை வேறு இடத்திலிருந்து வந்தது என்று காட்டினால் ஒழிய வழியில்லையாம்.

"இருபத்தோரு கிலோ வானத்துல இருந்தா விழுந்துச்சுன்னு கேப்பாங்க மேடம். எங்கிட்ட பதில் இல்ல."

அடுத்த வாய்தா பதினாறாம் தேதி, இறுதி வாதம். போனை வைத்துவிட்டேன்.

11 பிப்ரவரி

காசியோடு பேசினேன். பூங்கொடி அடுப்படியில் இருந்தாள். ஐந்து மாதம்.

உன்னை மாட்டிவிட வேண்டாம், உனக்கே தெரியாமல் வண்டியில் வைத்துவிட்டார்கள் என்று நீயே வந்து சொல்லிவிடு, வக்கீல் பார்த்துக்கொள்வாள் என்று எடுத்துச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், சத்தியமாக. அவன் செருப்பை உதறிப் போட்டுவிட்டுக் கத்தினான்.

"தெரியாமயா? எந்தக் கேனயன்க்கா தெரியாம ஓட்டுவான்? அதுக்கு முந்தி நாலு நடை போயிருக்கேன். ஐஸ் கம்பெனி மொதலாளி சரக்கு. எவனோ தகவல் குடுத்துட்டான், அந்த நடை மாட்டிக்கிச்சு. மொதலாளி பேச்சுக்குத்தான் இன்ஸ்பெக்டர் என்னைய விட்டாரு, உன் கையெழுத்துக்குன்னா நெனச்ச?"

நான் அறைந்தேன். அவனைத் தூக்கி வளர்த்த இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்பவும் போயிட்டுத்தான் இருக்கேன். நிறுத்தினா என்னைய உயிரோட விடுவானுகளா?" என்றான். அப்போதுதான் குரல் உடைந்தது. பூங்கொடி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. முகத்தில் ஆச்சரியமே இல்லை.

ஆக, ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். மேடையில் பொன்னாடை போட்டவனுக்குத் தெரியும். போட்டுக்கொண்ட முட்டாள் நான் ஒருத்திதான். சந்தியாகு உள்ளே போனதால் எந்தப் பிள்ளை பிழைத்தது? சரக்கு அதே வேனில், அதே பாலத்தைத் தாண்டி, வாராவாரம் போகிறது. என் வாசலிலிருந்து போகிறது.

12 பிப்ரவரி

ஒன்றும் தின்னவில்லை. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. காசி வெளியே போகவில்லை. கூடத்தில் டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வேனை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடலாமா அக்கா என்று கேட்டான். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானே பஸ் ஏற்றி விட்டிருப்பேன். இப்போது இவன் திருப்பூர் போனால் சந்தியாகு எங்கே போவான்?

அழுதேன். கோபத்தில்தான்.

14 பிப்ரவரி

காலை எட்டு மணி பஸ். காசியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "நான் வக்கீல்கிட்ட போறேன். நீ வர்றதா இருந்தா சட்டையப் போடு. ஓடிப்போறதா இருந்தா இப்பவே ஓடு. பொய் மட்டும் இனி சொல்லமாட்டேன்" என்றேன். அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பூங்கொடிதான் வாசல் வரை வந்தாள். போகவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஷாஜிதாவின் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மிக்கேலம்மாளும் அங்கே இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். நான் உட்காரவில்லை.

மூட்டை எந்த வண்டியில் வந்தது, யார் சரக்கு, எத்தனை நடை போனது, இன்ஸ்பெக்டர் என்னிடம் என்ன பேசினார், எல்லாவற்றையும் சொன்னேன். கோர்ட்டில் தெரியாது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். ஓட்டியவன் யார் என்பதை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். இதனால் என் மேலேயே கேஸ் வரும், வேலை திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்றாள் ஷாஜிதா. தெரியும், எழுது என்றேன். என்னை மறுபடி கூண்டில் ஏற்றச் சொல்லி இன்றைக்கே மனுப் போடுவதாகச் சொல்லி, பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

முதலில் என் பெயர் கேட்டாள். வேலுத்தாய். தகப்பனார் பெயர்? சுடலையாண்டி. வயது, முகவரி எல்லாம் சொன்னேன். வேன் நம்பர் சொன்னேன். ஓட்டியவர் பெயர் என்றாள். காசிராஜன் என்றேன். வயது முப்பத்தொன்று.

"அவரோட தகப்பனார் பெயர்?"

"சுடலையாண்டி."

அந்தப் பெண் பாதி எழுதியவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மிக்கேலம்மாளும் பார்த்தாள்.

"எழுதும்மா" என்றேன்.